இளங்கலையில் மானிடவியல், முதுகலையில் அருங்காட்சியகவியல்: இரண்டையும் எப்படி இணைப்பது?

கேள்வி இதுதான்: இளங்கலை மானிடவியலில் இரண்டாம் ஆண்டு படிக்கும் ஒருவர் அருங்காட்சியகவியலில் முதுகலை செய்ய விரும்புகிறார். இந்த இரண்டும் ஒன்றுக்கொன்று உதவுமா? இரண்டையும் சேர்த்துத் தரும் ஐந்தாண்டுப் படிப்பில் சேரலாமா? இப்போதே எதைத் தொடங்க வேண்டும்?

உதவும், நன்றாகவே உதவும். ஆனால் அடுத்தடுத்து இரண்டு பட்டம் வாங்கிவிட்டால் அவை தாமாக ஒட்டிக்கொள்ளாது. ஒரு பொருளைப் பார்த்து என்ன கேட்க வேண்டும் என்பதை மானிடவியல் சொல்லித் தருகிறது. யார் செய்தார்கள், யார் தொடலாம், எந்த உறவுக்காரரிடமிருந்து யாருக்குக் கைமாறியது, ஏன் விற்கப்பட்டது என்பவை அதன் கேள்விகள். அதே பொருளை எப்படிப் பதிவது, எங்கே வைப்பது, எவ்வளவு வெளிச்சத்தில் காட்டுவது, யாரிடம் அனுமதி கேட்பது என்பவை அருங்காட்சியகவியலின் கேள்விகள். இந்த இரண்டுக்கும் நடுவே பாலமாக நிற்பது, இளங்கலையிலேயே ஏதாவது ஒரு சேகரிப்போடு நீங்கள் செய்யும் நேரடி வேலை. முதுகலைக்குப் போனபின் பார்த்துக்கொள்ளலாம் என்று அதைத் தள்ளிப்போடுகிறவர்கள்தான் அதிகம் தடுமாறுகிறார்கள். முதுகலை பெரும்பாலும் ஓராண்டிலோ இரண்டாண்டிலோ முடிந்துவிடும். சேர்ந்த சில வாரங்களிலேயே இன்டர்ன்ஷிப்புக்கு விண்ணப்பிக்கச் சொல்வார்கள். அப்போது கையில் காட்ட ஏதாவது இருக்க வேண்டும்.

இரண்டு துறைகளும் ஒரே வீட்டில் பிறந்தவை என்பதையும் மனதில் வைத்துக்கொள்ளுங்கள். ஆக்ஸ்ஃபோர்டில் 1884-ல் நிறுவப்பட்ட பிட் ரிவர்ஸ் அருங்காட்சியகம் பொருள்களை வகைவாரியாக அடுக்கியது: விளக்குகள் ஓரிடத்தில், ஈட்டிகள் ஓரிடத்தில், எந்த மக்களுடையவையாக இருந்தாலும் சரி. அமெரிக்காவில் தேசிய அருங்காட்சியகத்தில் பணியாற்றிய ஓடிஸ் மேசனும் அந்த முறையை ஆதரித்தார். 1887-ல் மானிடவியலாளர் ஃபிரான்ஸ் போவாஸ் அதை எதிர்த்து எழுதினார். ஒரு பொருளை அதைச் செய்த மக்களின் வாழ்க்கையிலிருந்து பிரித்து வைத்தால் அதன் அர்த்தம் போய்விடும் என்பது அவர் வாதம். அந்தச் சண்டை இன்னும் முடியவில்லை. மானிடவியல் சேகரிப்புள்ள பெரும்பாலான அருங்காட்சியகங்களின் தரவுத்தளத்தில் ‘பொருள் வகை’ என்று ஒரு கட்டமும் ‘சமூகம்’ என்று ஒரு கட்டமும் இருக்கும். முதலாவது மேசனுடையது, இரண்டாவது போவாஸுடையது. மானிடவியல் படித்தவருக்கு அந்தக் கட்டங்களை நிரப்பும்போது கை சற்றுத் தயங்கும். அந்தத் தயக்கம்தான் உங்கள் பலம்.

முதலில் எந்த வேலை என்று ஓரளவாவது முடிவு செய்யுங்கள். ‘அருங்காட்சியகத்தில் வேலை’ என்பது ஒரே வேலை கிடையாது. சேகரிப்பு மேலாளர் கிடங்கையும் பொருள்களின் இருப்பையும் பார்க்கிறார். பதிவாளர் உரிமைப் பத்திரங்கள், இரவல் ஒப்பந்தங்கள், காப்பீடு, போக்குவரத்து ஆகியவற்றைப் பார்க்கிறார். கல்விப் பிரிவு பார்வையாளர்களோடு வேலை செய்கிறது. இந்த மூன்றுக்கும் அருங்காட்சியகவியல் முதுகலை நேரடியாகப் பொருந்தும். சேகரிப்பை ஆராய்ந்து விளக்கும் காப்பாட்சியர் (curator) பதவி வேறு கதை. பெரிய நிறுவனங்களில் அதற்குப் பெரும்பாலும் மானிடவியலிலோ தொல்லியலிலோ முனைவர் பட்டம் கேட்பார்கள், அருங்காட்சியகவியல் முதுகலை மட்டும் இருந்தால் போதாது. சிறிய அருங்காட்சியகங்களில் ஒரே ஆள் காப்பாட்சியராகவும் பதிவாளராகவும் சுற்றிக்காட்டுபவராகவும் இருப்பதுண்டு. அங்கே முதுகலை போதும். உடைந்ததைச் சரிசெய்யும் பாதுகாப்பு நிபுணர் வேலைதான் மனதில் இருக்கிறது என்றால் பாதையே வேறு. அதற்குத் தனி முதுகலை உண்டு. பல இடங்களில் சேரும் முன்பே வேதியியல் பாடங்களை, கரிம வேதியியல் உட்பட, முடித்திருக்கச் சொல்வார்கள். இளங்கலையின் கடைசி ஆண்டில் இதைக் கண்டுபிடித்தால் ஓராண்டு பின்தங்க நேரும். வேதியியல் மேல் கொஞ்சமாவது ஆசை இருந்தால் இந்த ஆண்டே ஒரு பாடம் எடுத்துவிடுங்கள்.

சமூகங்களுக்குப் பொருள்களைத் திருப்பித் தரும் பணியைத் தனியாகச் சொல்ல வேண்டும், ஏனென்றால் மானிடவியல் பட்டதாரியின் அறிவு முழுமையாகப் பயன்படும் இடம் அதுதான். அமெரிக்காவில் 1990-ல் வந்த நாக்ப்ரா (NAGPRA) சட்டப்படி, கூட்டாட்சி அரசின் நிதி பெறும் அருங்காட்சியகங்கள் தங்களிடமுள்ள பூர்வகுடிகளின் எலும்புகளையும் ஈமப் பொருள்களையும் பட்டியலிட்டு, உரியவர்களோடு கலந்து பேசி, திருப்பித் தர வேண்டும். 2024 ஜனவரியில் நடைமுறைக்கு வந்த புதிய விதிகள், இவற்றைக் காட்சிக்கு வைக்கவும் ஆராயவும் அந்தச் சமூகங்களின் முன்சம்மதம் வேண்டும் என்றன. அதே மாதம் நியூயார்க்கிலுள்ள அமெரிக்க இயற்கை வரலாற்று அருங்காட்சியகம் பூர்வகுடிகள் பற்றிய இரண்டு பெரிய அரங்குகளை மூடியது. 2021-ல் பிரான்ஸ் 26 அரச கலைப்பொருள்களை மேற்கு ஆப்பிரிக்காவிலுள்ள பெனின் குடியரசுக்குத் திருப்பிக் கொடுத்தது. ஒவ்வொன்றின் பின்னாலும் பழைய பதிவேட்டைப் படித்து, ஊர்ப்பெயரைக் கண்டுபிடித்து, இன்று அந்தச் சமூகத்துக்காகப் பேச உரிமையுள்ளவர் யார் என்று விசாரிக்கும் வேலை இருக்கிறது. உறவுமுறை, வாரிசுரிமை, சடங்கு பற்றிப் படித்த பாடங்கள் அங்கே அன்றாடக் கருவிகள்.

அதனால் பாடத் தேர்வில் ‘அருங்காட்சியகம்’ என்ற சொல் உள்ள பாடங்களையே தேடி அலைய வேண்டாம். அவற்றை எப்படியும் முதுகலையில் படிப்பீர்கள். இளங்கலையில் மட்டுமே கிடைப்பவற்றை எடுங்கள். பொருள்சார் பண்பாடு, அதாவது மக்கள் செய்து பயன்படுத்தும் பொருள்கள் வழியே அவர்கள் வாழ்க்கையை அறிவது, பற்றிய பாடம் கட்டாயம். களப்பணி முறைகள், அதிலும் நேர்காணலைப் பதிவு செய்து எழுத்தாக்கும் பயிற்சி உள்ள பாடம் கட்டாயம். தொல்லியல் ஆய்வகப் பாடத்தில் துண்டுகளை எண்ணி, எடைபோட்டு, பையிலிட்டு, எண் எழுதப் பழகுவீர்கள். கிடங்கு வேலையின் பாதி அதுதான். மனித எலும்பியல் ஒரு பருவம் படித்தால் மனித எலும்பையும் விலங்கு எலும்பையும் பிரித்தறியத் தெரியும். பழைய பெட்டிகளைத் திறக்கும்போது அது பெரிய உதவி. மொழியியல் அறிமுகம் எடுத்தால் ஒரு பொருளின் உள்ளூர்ப் பெயரைக் காதால் கேட்டுச் சரியாக ஒலிக்குறியில் எழுத முடியும். பல பழைய பதிவேடுகளில் பெயர்கள் சிதைந்து கிடப்பதற்குக் காரணம், எழுதியவருக்கு இது தெரியாமல் போனதுதான். எக்செல் போன்ற விரிதாளில் நல்ல பயிற்சியும் வேண்டும். ஆயிரக்கணக்கான பதிவுகளில் தேதி பத்து விதமாக எழுதப்பட்டிருக்கும். அதைச் சீர்படுத்தத் தெரிந்தவரை எந்தக் கிடங்கும் கைவிடாது.

இனி நேரடி வேலை. பல்கலைக்கழகத் துறையிலேயே ஆய்வகச் சேகரிப்பு இருக்கலாம், பக்கத்தில் ஒரு சிறிய அருங்காட்சியகம் இருக்கலாம். வாரம் ஒரு நாள், ஓர் ஆண்டு முழுவதும் போவது, விடுமுறையில் இரண்டு வாரம் தொடர்ந்து போவதைவிட நல்லது. பருவகாலம் மாறும்போது ஈரப்பதம் மாறுவதையும், பூச்சிகள் வருவதையும், ஒரு கண்காட்சி இறங்கி இன்னொன்று ஏறுவதையும் அப்போதுதான் பார்க்க முடியும்.

என்ன செய்யக் கற்க வேண்டும் என்பதை ஒரே ஒரு பொருளை வைத்துச் சொல்கிறேன். மேசைமேல் மூடியோடு கூடிய ஒரு பழைய கூடை, விளிம்பில் இறகுகள் கட்டியது.

தொடுவதற்கு முன் நைட்ரைல் எனும் செயற்கை ரப்பர் கையுறை போடுங்கள். பருத்திக் கையுறை வேண்டாம், பின்னலில் நூல் சிக்கி இழையைப் பிய்த்துவிடும். கையுறை உங்களுக்காகவும்தான். பத்தொன்பதாம், இருபதாம் நூற்றாண்டுகளில் பூச்சி அரிக்காமலிருக்க இறகு, தோல், மயிர் உள்ள பொருள்கள்மேல் ஆர்செனிக்கும் பாதரச உப்பும் பிற்காலத்தில் டிடிடி (DDT) பூச்சிக்கொல்லியும் தூவினார்கள். அது கண்ணுக்குத் தெரியலாம், தெரியாமலும் இருக்கலாம். ஆர்செனிக், பாதரசம் போன்ற உலோக நஞ்சுகளை எக்ஸ்ரே ஒளிர்வுக் கருவியால் சோதிப்பார்கள், டிடிடியை அந்தக் கருவி காட்டாது. சோதனை முடியும்வரை நஞ்சு இருப்பதாகவே நினைத்து நடக்க வேண்டும். ஒரு பொருளைச் சடங்கில் பயன்படுத்துவதற்காகச் சமூகத்துக்குத் திருப்பித் தரும்போது இது உயிர் சம்பந்தப்பட்ட விஷயம். அணிந்துகொள்ளப் போகிறவருக்கு இதைச் சொல்லாமல் விடக்கூடாது.

அடுத்து எண். பெரும்பாலான இடங்களில் மூன்று பகுதி எண் வழக்கம். 2024.17.3 என்றால் 2024-ல் வந்த பதினேழாவது வரவில் (ஒரே சமயத்தில் வந்து சேர்ந்த தொகுதியில்) மூன்றாவது பொருள். கூடையும் மூடியும் ஒரே பொருள்தான், ஆனால் பிரியக்கூடியவை. ஆகவே எண்ணின் கடைசியில் கூடைக்கு ஏ, மூடிக்கு பி என்று சேர்த்து இரண்டிலும் எண் இட வேண்டும். மூடியில் மட்டும் எண் இட்டுவிட்டு, பத்தாண்டு கழித்து மூடி வேறு கூடையோடு கிடப்பது கிடங்குகளில் மிகவும் சாதாரணமாக நடக்கிற தவறு. கூடையில் மை எழுதக்கூடாது. வெளுக்காத பருத்தி நாடாவில் எண்ணை எழுதித் தளர்வாகக் கட்ட வேண்டும். கல், சுட்ட மண் போன்ற கெட்டியான பரப்புகளில் பேராலாய்டு பி-72 என்ற பிசினை அசிட்டோனில் கரைத்து மெல்லிய அடிப்பூச்சு கொடுத்து, காய்ந்தபின் எண்ணை எழுதி, மேலே இன்னொரு பூச்சு கொடுப்பார்கள். பிற்பாடு துடைத்தெடுக்க முடியும் என்பதுதான் இதன் பயன். பிளாஸ்டிக் பொருளில் இதைச் செய்தால் அசிட்டோன் அதன் பரப்பைக் கரைத்துவிடும்.

பொருள் இப்போது எப்படி இருக்கிறது என்று பதியும் நிலை அறிக்கையில் ‘நன்று’, ‘சுமார்’ என்று எழுதுவதால் யாருக்கும் பயனில்லை. ‘விளிம்பில் மூன்று இழைகள் முறிந்துள்ளன, நீளம் 2 செ.மீ., முறிந்த முனை அழுக்கேறிக் கருத்திருக்கிறது’ என்று எழுதினால் அது பழைய முறிவு என்று அடுத்தவருக்குப் புரியும். முனை வெளிர்நிறமாக இருந்தால் சமீபத்தில் உடைந்தது. யார் கையில், எந்தப் பயணத்தில் என்று தேட வேண்டும். கூடைக்கு அடியில் மணல்போலத் தூள் குவிந்திருந்தால் பூச்சி உள்ளே இருக்கலாம். காற்றுப்புகாத பையில் கட்டி, மைனஸ் 30 டிகிரி செல்சியஸில் மூன்று நாள் அல்லது மைனஸ் 20-ல் இரண்டு வாரம் உறையவைப்பது வழக்கமான தீர்வு. வெளியே எடுத்ததும் பையைப் பிரித்துவிடுவதுதான் இதில் நடக்கும் தவறு. குளிர்ந்த பொருள்மேல் ஈரம் படிந்துவிடும். அறை வெப்பத்துக்கு வரும்வரை, ஒருநாள் முழுக்க, பை மூடியே இருக்கட்டும்.

கடைசியாகப் பெயர். பழைய பதிவேட்டில் ‘சடங்குக் கூடை’ என்று இருக்கிறது. யார் சொன்னது? செய்தவரா, விற்றவரா, வாங்கியவரின் ஊகமா? பயன் என்னவென்று தெரியாத பொருளுக்கெல்லாம் ‘சடங்கு’ என்று எழுதும் பழக்கம் ஒரு காலத்தில் பரவலாக இருந்தது. மானிடவியல் மாணவர் கண்ணில் இது உடனே படும். பட்டவுடன் அழித்துவிட்டுப் புதுப்பெயர் எழுதிவிடாதீர்கள். பழைய சொல்லையும் தனிக் கட்டத்தில் தேதியோடு வைத்துக்கொண்டு, புதிய சொல்லை யார் எப்போது சொன்னார்கள் என்ற குறிப்போடு சேர்க்க வேண்டும். அழிக்கப்பட்ட அந்தச் சொல்தான் பின்னாளில் ஒரு கடிதத்தோடும் புகைப்படத்தோடும் இந்தக் கூடையை இணைக்கும் ஒரே தடயமாக இருக்கக்கூடும்.

இந்த வேலையிலிருந்தே இளங்கலை ஆய்வேட்டை எழுதுங்கள். பெரிய தலைப்பு வேண்டாம். ஒருவர் ஒரே காலத்தில் சேகரித்த முப்பது நாற்பது பொருள்கள் போதும். பதிவேடு, சேகரித்தவரின் கடிதங்கள், பொருள்கள் ஆகிய மூன்றையும் அருகருகே வைத்து ஒப்பிடுங்கள். எண்ணிக்கை ஒத்துப்போகாது, ஊர்ப்பெயர் ஒத்துப்போகாது, சிலவற்றில் ஒட்டிய சீட்டே வேறு கையெழுத்தில் இருக்கும். அந்த ஒத்துப்போகாமைதான் ஆய்வேடு. முடிந்தால் அந்தச் சமூகத்தைச் சேர்ந்த ஒருவரோடு பொருள்களைப் பார்த்து, அவர் சொல்வதை அவர் அனுமதித்த அளவுக்குப் பதிவு செய்யுங்கள். இதற்குப் பல்கலைக்கழக அறநெறிக் குழுவின் ஒப்புதல் தேவைப்படும். மாதக்கணக்கில் ஆகலாம், ஆகவே தலைப்பு முடிவானவுடனே விண்ணப்பிக்க வேண்டும். புகைப்படத்துக்குத் தனியாக அனுமதி கேளுங்கள். பொருளைப் பார்க்க அனுமதித்தவர் அதை இணையத்தில் போட அனுமதித்தார் என்று ஆகாது.

ஐந்தாண்டு இணைப்புப் படிப்பு பற்றி. நான்காண்டு இளங்கலையையும் இரண்டாண்டு முதுகலையையும் ஐந்தாண்டில் முடிக்கும் ஏற்பாடு இது. இதில் இளங்கலையின் கடைசி ஆண்டில் எடுக்கும் சில முதுகலைப் பாடங்கள் இரண்டு பட்டத்துக்கும் கணக்கில் வரும், அதனால் ஓராண்டுக் கட்டணம் மிச்சமாகும். பணநெருக்கடி உள்ளவருக்கு இது நியாயமான தேர்வு. ஆனால் மூன்று விஷயங்களை விசாரிக்காமல் சேராதீர்கள். எத்தனை பாடங்கள் இரண்டுக்கும் கணக்கில் வருகின்றன? இரண்டே பாடம் என்றால் மிச்சம் பெரிதாக இல்லை. நடுவில் விலகினால் இளங்கலைப் பட்டம் தனியாகக் கிடைக்குமா? ஐந்தாம் ஆண்டில் முழுநேர இன்டர்ன்ஷிப்புக்கு இடம் உண்டா, அல்லது பாடங்களே நேரத்தைத் தின்றுவிடுமா? கடைசிக் கேள்விக்கு மழுப்பலான பதில் வந்தால் நான் தனித்தனியாகப் படிப்பதையே பரிந்துரைப்பேன். நடுவில் ஓராண்டு கிடங்கு உதவியாளராக வேலை செய்துவிட்டு முதுகலைக்குப் போகிறவர், வகுப்பில் கேட்கும் கேள்விகளே வேறாக இருக்கும்.

முதுகலையில் பெயர்களைக் கவனியுங்கள். அருங்காட்சியகவியல் என்ற பெயரில் ஒருபுறம் நிர்வாகம், நிதி திரட்டல், பார்வையாளர் ஆய்வு என்று போகும் படிப்புகளும், மறுபுறம் சேகரிப்பு மேலாண்மையை மையமாக வைத்தவையும் உண்டு. மானிடவியல் துறைக்குள்ளேயே அருங்காட்சியக மானிடவியல் என்ற சிறப்புப் பிரிவும் சில இடங்களில் இருக்கிறது. முனைவர் பட்டத்துக்குப் போகும் எண்ணம் இருந்தால் இந்தக் கடைசி வகை பாதுகாப்பானது, ஆய்வேடு எழுத வைப்பார்கள். நேராக வேலைக்குப் போவதென்றால் சேகரிப்பு மேலாண்மை வகை நல்லது. இங்கிலாந்தின் லெஸ்டர் பல்கலைக்கழகத்தில் 1966 முதல் இத்துறை இருக்கிறது. ஆனால் பழமையும் பெயரும் மட்டும் பார்க்க வேண்டாம். பாடத்திட்டத்தில் சேகரிப்புக்கான சட்டமும் அறநெறியும் தனிப் பாடமாக உள்ளனவா? மாணவர் கையால் தொட்டுப் பழகச் சேகரிப்பு உண்டா? கற்பிப்பவர்களில் எத்தனை பேர் அருங்காட்சியகத்தில் வேலை பார்த்தவர்கள்? கடந்த மூன்றாண்டு மாணவர்கள் இப்போது என்ன பதவியில் இருக்கிறார்கள்? இதற்குத் துறை விவரமாகப் பதில் சொல்ல வேண்டும்.

விண்ணப்பக் கட்டுரையில் சிறுவயதிலிருந்தே அருங்காட்சியகம் பிடிக்கும் என்று தொடங்காதீர்கள், கட்டுக்கட்டாக அதையே படிக்கிறார்கள். நீங்கள் வேலை செய்த ஒரு பொருளையும், அதில் உங்களுக்கு விடை கிடைக்காத ஒரு கேள்வியையும் எழுதுங்கள். கூடவே மூன்று மாதிரிகள் தயாராக இருக்கட்டும்: ஒரு முழுப் பதிவு, புகைப்படத்தோடு ஒரு நிலை அறிக்கை, எழுபது சொற்களுக்குள் ஒரு காட்சி லேபிள். மூன்றில் கடினமானது லேபிள்தான். கலைச்சொல் இல்லாமல், ‘இம்மக்கள் செய்தார்கள்’ என்று இன்றும் வாழ்கிறவர்களை இறந்தகாலத்தில் தள்ளாமல், நின்று படிப்பவர் அரை நிமிடத்தில் முடிக்கும்படி எழுத வேண்டும். பத்துமுறை திருத்த வேண்டியிருக்கும்.

பணம் பற்றி நேராகச் சொல்லிவிடுகிறேன். தொடக்கநிலை அருங்காட்சியக வேலைகளில் சம்பளம் குறைவு, போட்டி அதிகம், ஒப்பந்த வேலைகள் நிறைய. பெரிய கடன் வாங்கி இந்தப் பட்டத்தைப் படிப்பது நல்லதல்ல. ஊதியமில்லா இன்டர்ன்ஷிப்பை மாதக்கணக்கில் நீட்டிக்க ஒப்புக்கொள்ளாதீர்கள். செய்தே ஆக வேண்டிய சூழல் என்றால், தொடங்கும் முன்பே எதைச் செய்வீர்கள், எதைக் கற்றுத் தருவார்கள், முடிவில் உங்கள் பெயரில் என்ன இருக்கும் என்று எழுத்தில் வாங்குங்கள். தரவுத்தள வேலை, டிஜிட்டல் படமெடுப்பு, ஆவணக்காப்பகப் பயிற்சி ஆகியவற்றில் ஒன்று கையில் இருந்தால் அருங்காட்சியகம் அல்லாத இடங்களிலும் வேலை கிடைக்கும்.

இந்த வாரமே செய்யக்கூடியது: ஒரு சேகரிப்பு மேலாளருக்கு மின்னஞ்சல். ‘உங்கள் அருங்காட்சியகத்தில் ஏதாவது உதவி செய்யலாமா’ என்று பொதுவாகக் கேட்டால் பதில் வருவது அரிது. அவர்களுடைய இணையப் பட்டியலில் தேடி, குறிப்பிட்ட நான்கைந்து எண்களை எழுதி, இவற்றைப் பார்க்க விரும்புகிறேன், இன்ன பாடத்துக்காக, என் வழிகாட்டி இவர், வாரத்தில் இந்த நாள் மதியம் வர முடியும் என்று ஐந்து வரியில் எழுதுங்கள். பொருள்களைக் கிடங்கிலிருந்து எடுத்து வைக்க அவர்களுக்கு நேரம் வேண்டும், ஆகவே குறைந்தது ஒரு மாதம் முன்னதாக எழுதுங்கள். போகும்போது பென்சில், துணி அளவுநாடா, குறிப்பேடு எடுத்துச் செல்லுங்கள். பேனாவைப் பையிலேயே விட்டுவிடுங்கள். மோதிரமும் கடிகாரமும் கழற்றி வையுங்கள்.